லேபர் வார்டிலேயே ஒரு ரத்தப்போக்கு டிரில்: முதல் முறை நடத்துபவர்களுக்கு

பிரசவம் நல்லபடியாக முடிந்து, நஞ்சுக்கொடியும் விழுந்து, எல்லோரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பல தாய்மார்களுக்கு ரத்தப்போக்கு ஆரம்பிக்கிறது. என்ன மருந்து தர வேண்டும் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். யார் ஓடுவது, யார் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் நிற்பது, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் எந்த அலமாரியில் இருக்கிறது, இதில்தான் நிமிடங்கள் போய்விடும். இவற்றைப் பழகத்தான் டிரில், அதாவது நடித்துப் பார்க்கும் ஒத்திகை.

பொம்மை நோயாளிகளை வைத்துப் பழகும் பெரிய சிமுலேஷன் லேப் இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துச் சௌத்மீட் மருத்துவமனையில் டாக்டர்களும் மிட்வைஃபுகளும் தங்கள் இடத்திலேயே ஒன்றாகப் பயிற்சி எடுத்தார்கள். அதற்குப் பிறகு, தோள் சிக்கிக்கொள்ளும் பிரசவங்களில் குழந்தைக்குக் காயம்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தது. மெக்சிகோவில் பயிற்சி நடத்திய பிரான்டோ குழு, ஆபரேஷன் தியேட்டரில் போடும் பேண்ட்டையே மாற்றித் தைத்து, நடிப்பவர் போட்டுக்கொள்ளும் பிரசவ மாடலாக்கியது.

சரி, செய்முறைக்கு வருவோம். முதலில் ஒரே ஒரு அவசரநிலையை எடுங்கள். ரத்தப்போக்கோடு வலிப்பையும் அதே நாளில் சேர்த்தால் எதுவும் மனதில் நிற்காது. டியூட்டியில் இருப்பவர்களை வைத்தே, வார்டு கொஞ்சம் ஓய்ந்திருக்கும்போது நடத்துங்கள். நிஜ நோயாளிக்கு ஏதாவது ஆனால் உடனே கலைவதற்கு "டிரில் நிறுத்தம்" என்ற வார்த்தையை முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

அப்புறம் 'நோயாளி'. ஒரு ஸ்டாஃப் நர்ஸ் படுத்துக்கொள்ளட்டும். காலியான சலைன் பாட்டிலில் சிவப்பு ஃபுட் கலர் கலந்த தண்ணீரை ஊற்றி, டிரிப்ஸ் டியூபைத் துணிக்கு அடியில் தொடையோரமாக விட்டால் ரத்தம் தயார். பாதி காற்றடித்த பலூனைத் துண்டில் சுற்றி வயிற்றில் வைத்தால், தளர்ந்த கர்ப்பப்பையைத் தொடுவதுபோலவே இருக்கும். வென்ஃப்ளானை (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் போடும் குழாய்) ஊசி இல்லாமல் கையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினால் போதும், நடிப்பவரை யாரும் குத்தக் கூடாது. டிரிலுக்கு எடுத்த ஒவ்வொரு பாட்டிலிலும் காலி மருந்துக் குப்பியிலும் 'டிரில்' என்று எழுதி, முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்குங்கள். ஒன்றுகூட மருந்து டிரேயில் தங்கக் கூடாது, இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் இதைச் செய்து பாருங்கள்: 500 மில்லி சிவப்புத் தண்ணீரை அளந்து பெட்ஷீட்டில் ஊற்றி, எவ்வளவு இருக்கும் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். பெரும்பாலும் குறைவாகத்தான் சொல்வார்கள். கண்ணால் பார்த்து மதிப்பிடுவதை நம்பினால் சிகிச்சை தாமதமாகிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்து, 2023-ல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், அளவுக்கோடு போட்ட பையில் ரத்தத்தைப் பிடித்து, முதல் சிகிச்சைகளை ஒரே தொகுப்பாகக் கொடுத்தார்கள். கடுமையான பாதிப்புகள் 60 சதவீதம் குறைந்தன. உங்கள் டிரிலிலும் அதே வரிசை இருக்கட்டும்: கர்ப்பப்பையைத் தேய்ப்பது, அதைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின், டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் (ஐ.வி.யாக 10 நிமிடத்தில், பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள்), டிரிப்ஸ், பிறகு எங்கிருந்து ரத்தம் வருகிறது என்ற பரிசோதனை, நிற்காவிட்டால் மேல்சிகிச்சைக்கு ஆள் கூப்பிடுவது.

டிரிலில் நடிக்க வேண்டிய கதை ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உதாரணமாக: இரண்டாவது பிரசவம், நஞ்சுக்கொடி முழுதாக விழுந்தது, பத்து நிமிடத்தில் துணி நனைகிறது, பல்ஸ் 96, பிபி 110/70. மூன்று நிமிடம் கழித்து பல்ஸ் 120, பிபி 90/60. யாராவது பிபி பார்த்தால் மட்டும் எண்ணைச் சொல்லுங்கள், நீங்களாகச் சொல்லாதீர்கள். ஒருவர் கடிகாரத்தோடு நின்று, எப்போது ரத்தப்போக்கைக் கவனித்தார்கள், எப்போது ஆள் கூப்பிட்டார்கள், முதல் ஊசி எப்போது என்று குறிக்கட்டும்.

பத்து நிமிடத்தில் நிறுத்துங்கள். நான் முதன்முதலில் நடத்தியபோது "யாராவது ஆக்சிடோசின் கொண்டு வாங்க" என்று டாக்டர் சொன்னார், நான்கு பேர் நின்றிருந்தும் ஒருவரும் நகரவில்லை. ஆளைப் பார்த்து, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பெயர் சொல்லப்பட்டவர் "ஆக்சிடோசின் எடுத்து வர்றேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும், போட்டதும் "போட்டாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

டிரிலைவிட அதற்குப் பிந்தைய பேச்சுக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். எல்லோரும் உட்கார்ந்ததும் ஆயாம்மாவை முதலில் பேசச் சொல்லுங்கள், அடுத்து நர்ஸ்கள், டாக்டர் கடைசியில். பெரியவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு முடிந்துவிடும். எங்கள் டிரிலில், அலமாரிச் சாவி அடுத்த அறையில் இருந்ததைச் சொன்னவர் ஆயாம்மாதான். "நீ ஏன் செய்யலை" என்ற கேள்வி அங்கே வரவே கூடாது. "அந்த நேரத்தில் என்ன தெரிந்தது, எது தடுத்தது" என்று கேளுங்கள். கிளம்புவதற்குள் மாற்ற வேண்டிய இரண்டே விஷயங்களை, யார் எப்போது செய்வார் என்பதோடு எழுதுங்கள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து அதே கதையை, இந்த முறை நைட் டியூட்டியில், இரண்டு பேர் மட்டும் இருக்கும் நேரத்தில் நடத்துங்கள். அன்றைய நேரக் குறிப்பைப் பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்து, எல்லோரையும் சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.