ஓகஸ்ட் அறைகளை யாருக்கு ஒதுக்குவது? வருகைப் புள்ளிவிபரத்தை விடுதிக்காரர் வாசிக்கும் முறை

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை மாதாந்தம் வெளியிடும் அறிக்கையில் முதலில் கண்ணில் படுவது மொத்த வருகைதான். 2018இல் 2,333,796 பேர்; 2024இல் 2,053,465 பேர். கிழக்குக் கரையிலுள்ள நிலாவெளியில் பத்து அறை வைத்திருப்பவர் இந்த எண்களை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. அவருக்குத் தெரிய வேண்டியது எந்த நாட்டார், எந்த மாதம், எத்தனை இரவு தங்குகிறார்கள் என்பது.

முதலில் உங்கள் பதிவுப் புத்தகத்திலிருந்து மூன்று வருடக் கணக்கை எடுத்து, நாடு ஒரு வரிசை, மாதம் ஒரு நிரல் என்று எழுதுங்கள். உள்ளூர்க்காரருக்கும் ஒரு வரிசை வேண்டும். அவர்கள் வருகை அறிக்கையில் வரமாட்டார்கள், ஆனால் ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையிலும் போயாவை (பௌர்ணமி விடுமுறையை) ஒட்டிய வார இறுதிகளிலும் அறை கேட்பவர்கள் அவர்கள்தான்.

கட்டங்களில் ஆள் எண்ணிக்கையைப் போடாதீர்கள். அறை-இரவைப் போடுங்கள்: ஒரு அறையில் ஒரு இரவு தங்கினால் அது ஒன்று. உதாரணத்துக்கு, ஓகஸ்டில் ஜேர்மனியர் 12 புக்கிங், ஐந்து இரவு வீதம்: 60 அறை-இரவு. இந்தியக் குடும்பங்கள் 25 புக்கிங், இரண்டு இரவு வீதம்: 50. புக்கிங் இரண்டு மடங்கு, இரவு குறைவு. அதோடு 50 இரவுக்கு 25 தடவை படுக்கை விரிப்பு மாற்றி, அறை கழுவ வேண்டும். ஜேர்மனியருக்கு 60 இரவுக்கு 12 தடவை. சலவைச் செலவைக் கழித்த பிறகே எந்தச் சந்தை, அதாவது எந்த நாட்டார், இலாபம் என்று பேசலாம்.

ஒப்பிடும்போது சென்ற மாதத்தோடு ஒப்பிடக்கூடாது. கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டெம்பர் வரை சீசன், பிறகு மாரி மழை. தெற்கும் மேற்கும் நேர்மாறு. சென்ற வருடம் இதே மாதத்தோடு பாருங்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஈஸ்டர் 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. மார்ச்சை மட்டும் பார்த்தால் ஐரோப்பியர் குறைந்ததுபோலத் தோன்றும். ஆகவே மார்ச்சையும் ஏப்ரலையும் கூட்டிப் பாருங்கள். சீனப் புத்தாண்டும் அப்படித்தான், ஜனவரியையும் பெப்ரவரியையும் கூட்ட வேண்டும்.

குறைந்தால், ஏன் என்று முதலில்

ஒரு சந்தை சரிந்ததும் விலையைக் குறைப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே மாத வருகை 37,802 ஆக வீழ்ந்தது. 2018 மேயில் அது 129,466. பயணியின் சொந்த அரசாங்கம் போகவேண்டாம் என்று அறிவித்த நாட்டுக்குப் போனால் பல பயணக் காப்புறுதிகள் செல்லாது. அப்போது பாதி விலைக்குக் கொடுத்தாலும் ஆள் வராது. பணத்தைப் பிடித்து வைக்காமல், திகதியை மாற்றிக்கொள்ள விடுங்கள். எச்சரிக்கை தளர்ந்ததும் அந்த விருந்தினர் திரும்பி வர வழியிருக்கும்.

விமானம் நின்றாலும் இதே கதைதான். 2022 ஜூனில் ரஷ்ய நிறுவனமான ஏரோஃப்ளோட்டின் விமானம் ஒன்று நீதிமன்ற உத்தரவால் கட்டுநாயக்காவில் தடுக்கப்பட, அந்த நிறுவனம் கொழும்புச் சேவையை நிறுத்தியது. ஒக்டோபரில்தான் மீண்டும் வந்தது. ரஷ்யரை மட்டும் நம்பிய விடுதிக்கு இடையில் எதைச் செய்தும் பயனில்லை. எந்த ஒரு சந்தையும் உங்கள் வருட அறை-இரவில் 40 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள் என்பது எங்கள் அளவுகோல்.

நாட்டுக்கு வருகை குறையாமல் உங்களிடம் மட்டும் குறைந்தால், காரணம் வெளியே இல்லை. விலை, விருந்தினர் கருத்துகள், படங்கள், குளியலறை என்று வரிசையாகப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

ஐரோப்பியப் பயண முகவர்கள் பல மாதம் முன்பே அறைகளைக் கேட்டு வைப்பார்கள். விற்காத அறையை எத்தனை நாளுக்கு முன் திருப்பித் தர வேண்டும் என்பதே ஒப்பந்தத்தில் முக்கியமான வரி. ஏழு நாள் என்று கையெழுத்திட்டால் அந்த அறை பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். ஓகஸ்டுக்கு 30 நாள் கேளுங்கள். இந்தியரும் உள்ளூர்க்காரரும் கடைசி வாரங்களில் புக் பண்ணுபவர்கள். திரும்பி வந்த அறையை நிரப்ப அந்த 30 நாள் போதும்.

ஆனால் அவர்களுக்கு ஏற்றபடி விடுதி இருக்க வேண்டும். மூன்று, நான்கு பேர் தூங்க மேலதிகக் கட்டில், சைவத்துக்குத் தனிச் சட்டி. புக்கிங் வரும்போதே சமணரா என்று கேளுங்கள். பலர் வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, உருளைக்கிழங்கும் சாப்பிடமாட்டார்கள். காலையில் மேசையில் வைத்துத் தெரிந்துகொண்டால் பிந்திவிடும்.

மே 1, ஜூன் 1, ஜூலை 1 ஆகிய மூன்று நாளும் ஓகஸ்டுக்குக் கையில் உள்ள அறை-இரவை நாடுவாரியாக எண்ணி, சென்ற வருடம் அதே திகதியில் இருந்ததோடு ஒப்பிடுங்கள். மாத அறிக்கை வந்து முடிந்தவர்களைத்தான் சொல்லும். வரப்போகிறவர்களை இந்தக் கணக்கு சொல்லும். ஜூலை 1இல் ஐரோப்பிய வரிசை கால்பங்குக்கு மேல் பின்தங்கியிருந்தால், முகவரைக் கேட்டு அறைகளை அன்றே விடுவித்து, உள்ளூர் வார இறுதி விலையைத் திறந்துவிடுங்கள்.