பூனை துப்பாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பது எப்படி (நாய்க்கும் சேர்த்து)

சோபாவை நகர்த்திப் பெருக்கியபோது, ஊறி உப்பிப்போன மூன்று மாத்திரைகள் கிடைத்தன. மூன்றையும் எங்கள் பூனை விழுங்கிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். சண்டையில் கடிபட்டு முதுகில் சீழ்க்கட்டி. டாக்டர் கீறிச் சீழை எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் எழுதியிருந்தார். புண் ஏன் ஆறவில்லை என்று மருந்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். மருந்து உள்ளே போகவே இல்லை!

1. அட்டையைப் பிரிக்கும் முன்

எத்தனை மணிக்கு ஒரு முறை, எத்தனை நாள், சாப்பாட்டோடா இல்லையா என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வையுங்கள். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக்கைச் சாப்பாட்டோடு கொடுத்தால் வாந்தி குறையும். என்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொன்றைப் பாலிலோ சீஸிலோ ஒளிக்காதீர்கள். கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது.

நாய்க்கு வாங்கிய மிச்ச மாத்திரையை உடைத்துப் பூனைக்குக் கொடுக்கும் யோசனையும் வேண்டாம். என்ரோஃப்ளாக்சசின் ஒரு நாளைக்கு கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் பூனையின் விழித்திரை கெட்டுப் பார்வையே போகலாம்.

2. நாய்

இது சுலபம். ஈர உணவில் மூன்று உருண்டை பிடியுங்கள், நடு உருண்டையில் மட்டும் மாத்திரை. முதலாவதைக் கொடுத்து, இரண்டாவதை நீட்டும்போதே மூன்றாவதைக் கண்ணில் காட்டுங்கள். அடுத்ததைப் பிடிக்கும் அவசரத்தில் மெல்லாமல் விழுங்கிவிடும்.

3. பூனை

துண்டில் சுற்றி, முகம் மட்டும் வெளியே தெரிய, முதுகு உங்கள் வயிற்றில் சாய உட்கார வையுங்கள். ஒரு கையால் கன்ன எலும்பைப் பிடித்து மூக்கை மேலே தூக்கினால் கீழ்த்தாடை தானே தளரும். மறு கையின் விரலால் அதை இறக்கி, மாத்திரையை நாக்கின் மேல், தொண்டையை ஒட்டிய பின்கோடியில் போடுங்கள். நான் தவறியது இங்கேதான். நாக்கின் நடுவில் போட்டுவிட்டு, வாயை மூடியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவேன். அது கன்னத்தில் அடக்கி வைத்து, சோபாவுக்கு அடியில் போய் நிதானமாகத் துப்பும்.

வாயை மூடிப் பிடித்துத் தொண்டையை மெதுவாகத் தடவுங்கள். நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் தண்ணீர். இதைத் தவிர்க்கவே கூடாது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகி, குழாயே சுருங்கிப்போகலாம். ஊசி கழற்றிய சிரிஞ்சில் 5-6 மில்லி தண்ணீர் எடுத்து, கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போகும்.

கடி வாங்கிச் சலித்தவர்களுக்கு, நுனியில் ரப்பர் உள்ள மாத்திரை செலுத்தும் குழல் உண்டு. இனி விரலுக்குத் திரும்ப மாட்டேன். பொடித்துச் சாப்பாட்டில் கலப்பது எனக்குப் பிடிக்காது. கடும் கசப்பான மெட்ரோனிடசோலைப் பொடித்துப் பாருங்கள், வாயெல்லாம் நுரை தள்ளி, அந்த உணவையே மறுநாள் தொடாது.

4. ஒரு வேளை தவறினால்

நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டை டோஸ் மட்டும் கூடாது. தொடர்ந்து வாந்தி, முகவீக்கம் என்றால் உடனே டாக்டர். புண் ஆறிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அவரைக் கேளுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர் குழந்தைகளுக்கான சிரப் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். டாக்டர் சொல்லாமல் வேண்டாம். சிலவற்றில் இனிப்புக்கு சைலிட்டால் இருக்கும், அது நாய்களுக்கு விஷம்.

இன்னொருவரின் பூனை எதற்குமே மசியவில்லையாம். 14 நாள் வரை வேலை செய்யும் செஃபோவெசின் ஊசி இருக்கிறது. ஆனால் அது எல்லாக் கிருமிக்கும் கேட்காது, ஒவ்வாமை வந்தால் போட்ட மருந்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அதனால் நான் முதலில் குழலைத்தான் முயன்று பார்ப்பேன்.