மூலக்கூறுக் கணினி ஆய்வுகளைப் படிப்பதும் பகிர்வதும்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

‘டிஎன்ஏவால் இயங்கும் கணினி தயார்’ என்ற மாதிரி ஒரு தலைப்பு அடிக்கடி கண்ணில் படும். அதன் மூல ஆய்வுக் கட்டுரையைத் திறந்து பார்த்தால் ஒரு சோதனைக் குழாய் இருக்கும், சில மணி நேரத்தில் ஒளிர்வு கூடியதைக் காட்டும் ஒரு வரைபடம் இருக்கும். அந்த அளவீட்டுக்கும் அந்தத் தலைப்புக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று நாமே கண்டுபிடிக்கலாம். பள்ளி வேதியியலும் ‘அண்ட்’, ‘ஆர்’ தர்க்கமும் தெரிந்தால் போதும். இயற்பியல் பட்டம் வேண்டாம்.

படி 1: எந்தக் கிளை என்று முதலில் பிரியுங்கள்

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு. டிஎன்ஏவின் இரட்டை இழை ஏறக்குறைய 2 நானோமீட்டர் தடிமன். அதில் ஓர் எழுத்துக்கும் (ஏ, டி, ஜி, சி என்று குறிக்கப்படும் நான்கு வேதி அலகுகளில் ஒன்று) அடுத்த எழுத்துக்கும் இடையே 0.34 நானோமீட்டர். இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கட்டுரையில் வரும் மற்ற அளவுகள் மிரட்டாது. சிப் விளம்பரங்களில் வரும் ‘3 நானோமீட்டர்’ ஒரு தலைமுறைப் பெயர் மட்டுமே. சிப்பில் அந்த அளவுள்ள பாகத்தைத் தேட வேண்டாம்.

‘மூலக்கூறுக் கணினி’ என்ற பெயரில் குறைந்தது மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. ஒற்றை மூலக்கூறை மின்னணுப் பாகமாக்குவது ஒன்று. ஆவிராம், ராட்னர் இருவரும் 1974-இல் ஒரே மூலக்கூறு, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடாக இயங்க முடியும் என்று கோட்பாடாகச் சொன்னதில் இந்தக் கிளை தொடங்குகிறது. டிஎன்ஏ இழைகளின் வினைகளாலேயே கணக்குப் போடுவது இரண்டாவது. மூன்றாவது, மூலக்கூறுகளால் வடிவங்களும் இயந்திரங்களும் கட்டுவது. 2016-இல் சோவாஜ், ஸ்டாடர்ட், ஃபெரிங்கா மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது இந்த மூன்றாவது வகை வேலைக்குத்தான்.

ஒரு கிளையில் கிடைத்த வெற்றியை இன்னொன்றின் கணக்கில் எழுதிவிடுவது செய்திகளில் சர்வசாதாரணம். புதியவர்கள் இரண்டாவது கிளையில் தொடங்குவது நல்லது. ‘ஏ’ எழுத்து ‘டி’யோடும், ‘ஜி’ எழுத்து ‘சி’யோடும் சேரும் என்ற ஒரே விதியை வைத்துப் பாதிக் கட்டுரையைப் புரிந்துகொள்ளலாம்.

படி 2: பழைய கட்டுரை ஒன்றை எடுங்கள்

நேற்று வந்த கட்டுரையில் தொடங்காதீர்கள். பழைய கட்டுரை என்றால் அதன் மேல் எழுந்த கேள்விகளும் பதில்களும் ஏற்கெனவே கிடைக்கும். கூகுள் ஸ்காலரில் தலைப்பைத் தேடி, ‘ஆல் வெர்ஷன்ஸ்’ என்ற இணைப்பை அழுத்தினால் பல நேரம் இலவசப் பிரதி ஒன்று அகப்படும். இல்லாவிட்டால் ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். தன் கட்டுரையைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாக அனுப்புவார்கள்.

1991-இல் தொடங்கிய ஆர்க்சைவ் தளத்தில் ‘மீசோஸ்கேல் அண்ட் நானோஸ்கேல் ஃபிசிக்ஸ்’, ‘எமர்ஜிங் டெக்னாலஜீஸ்’ என்ற இரண்டு பிரிவுகளைப் பார்க்கலாம். உயிரியல் பக்கம் சாய்ந்தவை பயோஆர்க்சைவிலும் வேதியியல் பக்கம் சாய்ந்தவை கெம்ஆர்க்சைவிலும் இருக்கும். இவை ப்ரீபிரிண்ட்டுகள், அதாவது சக ஆய்வாளர்கள் இன்னும் சரிபார்க்காதவை. இது 6ஆம் படியில் முக்கியமாகும்.

படி 3: படங்களில் தொடங்கிப் படியுங்கள்

சுருக்கத்தைப் படித்துவிட்டுக் கட்டுரையைப் படித்ததாக நினைத்துக்கொள்வது எளிது. ஆனால் சுருக்கம் என்பது ஆசிரியர் தன் வேலையை விற்கும் இடம். முதலில் படங்களையும் அவற்றின் கீழே உள்ள குறிப்புகளையும் பாருங்கள். அப்புறம் முன்னுரையின் கடைசிப் பத்தி, பிறகு செய்முறைப் பகுதி. சுருக்கம் கடைசியில்.

1994-இல் கணினி அறிவியலாளர் லியோனார்ட் ஆடில்மன் வெளியிட்ட கட்டுரையை வைத்து இதைச் செய்து பார்ப்போம். இந்தத் துறைக்கு அதுதான் வாசல்.

கணக்கு இது: 7 நகரங்கள், அவற்றுக்கிடையே 14 ஒருவழிப் பாதைகள். குறிப்பிட்ட ஒரு நகரில் தொடங்கி, குறிப்பிட்ட இன்னொன்றில் முடித்து, ஒவ்வொரு நகரையும் ஒரே ஒரு முறை தொடும் வழி உண்டா? ஆடில்மன் ஒவ்வொரு நகருக்கும் 20 எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ இழையை ஒதுக்கினார். ஒரு பாதை என்பது, புறப்படும் நகரின் பின்பாதி எழுத்துகளும் சேரும் நகரின் முன்பாதி எழுத்துகளும் ஒட்டிய இழை. நகரின் எதிரிழை (அதன் எழுத்துகளோடு சேரும் ஜோடி எழுத்துகள் கொண்ட இழை) இரண்டு பாதை இழைகளை அருகருகே பிடித்து வைக்கும். லிகேஸ் என்ற நொதி அவற்றை ஒட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்ததும் எண்ணற்ற பயணங்கள் ஒரே நேரத்தில் உருவாகிவிட்டன. சரியானவையும் அபத்தமானவையும் ஒரே குழாயில்.

இனி வடிகட்டல். சரியான நகரில் தொடங்கி முடியும் இழைகளை மட்டும் பிசிஆர் என்ற டிஎன்ஏ நகலெடுக்கும் முறையில் பெருக்கினார். 7 நகரங்களுக்கு 20 எழுத்து வீதம் 140 எழுத்து நீளமுள்ளவற்றை ஜெல்லில் ஓட்டிப் பிரித்தெடுத்தார். பிறகு ஒவ்வொரு நகராகக் காந்த மணிகளைக் கொண்டு, அந்த நகர் இருக்கும் இழைகளை மட்டும் பிடித்து நிறுத்தினார். கடைசியில் மிஞ்சியதுதான் விடை.

செய்முறைப் பகுதியைப் படித்தவருக்கு இரண்டு விஷயம் தெரியவரும். டிஎன்ஏ பயணங்களை உண்டாக்கியது வேகமாக நடந்தது. ஆனால் விடையைப் பிரித்தெடுக்க மனிதக் கைகளுக்கு ஏறக்குறைய 7 நாள் ஆய்வக வேலை. இந்தக் கணக்கையோ நீங்கள் ஒரு தாளில் சில நிமிடங்களில் முடித்துவிடலாம்! அதனால் சாதனை வேகத்தில் இல்லை. மூலக்கூறுகளின் வினையைக் கொண்டு கணக்குப் போடுவது நடைமுறையில் முடியும் என்று முதன்முதலில் காட்டியதுதான் இங்கே பெரிய விஷயம்.

பழைய கட்டுரையின் லாபமும் இங்கே தெரியும். அடுத்த ஆண்டே, 1995-இல், யூரிஸ் ஹார்ட்மானிஸ் என்ற கணினி அறிவியலாளர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். இதே முறையை 200 நகரங்களுக்கு நீட்டினால் தேவைப்படும் டிஎன்ஏவின் எடை பூமியின் எடையையே தாண்டிவிடும். நகரங்கள் கூடக் கூட, சாத்தியமான பயணங்கள் அடுக்கடுக்காகப் பெருகுவதுதான் காரணம். அந்த மறுப்பைத் தெரிந்துகொண்டு படித்தால், பின்னாளில் இந்தத் துறை ஏன் பெரிய புதிர்களை விட்டுவிட்டுச் சிறிய தர்க்கச் சுற்றுகள் (சர்க்யூட்) பக்கம் திரும்பியது என்பதும் பிடிபடும்.

படி 4: நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்

உள்ளீட்டைக் கொடுத்தது யார், எந்த வடிவில்? விடையை எதைக் கொண்டு படித்தார்கள்? எவ்வளவு நேரம் ஆனது? திரும்பவும் பயன்படுத்த முடியுமா? ஒரு தாளில் இந்த நான்குக்கும் பதில் எழுதுங்கள். பதில் கிடைக்காத கேள்வி பல நேரம் கட்டுரையின் பலவீனத்தைத்தான் சுட்டும்.

2011-இல் லூலூ சியான், எரிக் வின்ஃப்ரீ இருவரும் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல பயிற்சி. 130 டிஎன்ஏ இழைகளால் ஆன ஒரு சுற்று, 4 பிட் எண்ணின் வர்க்கமூலத்தைக் கண்டுபிடிக்கிறது. உள்ளே நடப்பது இழை இடப்பெயர்ச்சி. இரட்டை இழையின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சில எழுத்துகளைப் புதிய இழை பிடித்துக்கொள்கிறது. பிறகு ஜிப்பைத் திறப்பதுபோல் பழைய துணையைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. தள்ளப்பட்ட இழைதான் அடுத்த தர்க்க வாயிலுக்கான (‘அண்ட்’, ‘ஆர்’ போன்ற ஒன்றைச் செய்யும் பாகம்) சமிக்ஞை. அந்தப் பிடிமானத்தின் நீளத்தை ஓர் எழுத்துகூட இல்லாத நிலையிலிருந்து 6 எழுத்துகள் வரை கூட்டினால் வினை வேகம் ஏறக்குறைய 10 லட்சம் மடங்கு மாறும். வடிவமைப்பவர் கையில் இருக்கும் முக்கியமான திருகு அதுதான்.

இந்த வகைக் கட்டுரைகளின் வரைபடத்தில் நான் முதலில் தேடுவது உள்ளீடே கொடுக்காதபோது வரும் கோடு. அதுவும் மெல்ல மெல்ல மேலே ஏறினால் ‘கசிவு’ இருக்கிறது, அதாவது யாரும் கேட்காமலே விடை வருகிறது. டிஎன்ஏ சுற்றுகளின் நிஜமான தலைவலி இதுதான். சியானும் வின்ஃப்ரீயும் ஒரு வரம்புக்குக் கீழே உள்ள சமிக்ஞையை விழுங்கிவிடும் இழைகளைச் சேர்த்ததாலேயே இவ்வளவு பெரிய சுற்று தாக்குப்பிடித்தது.

இன்னொன்று: செய்தது எது, கணித்தது எது என்று பிரித்துக் குறியுங்கள். ‘கண்டோம்’, ‘அளந்தோம்’ என்பது ஒரு பக்கம். ‘மாதிரி காட்டுகிறது’, ‘சாத்தியமாகலாம்’ என்பது மறுபக்கம். இரண்டும் மதிப்புள்ளவை, ஆனால் ஒரே பட்டியலில் எழுதக் கூடாது.

படி 5: திரும்பப் பெற்ற கட்டுரையா என்று பாருங்கள்

கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணை எடுத்துப் பதிப்பாளரின் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். ‘ரிட்ராக்டட்’ என்ற குறிப்பு இருந்தால் அங்கேயே தெரியும். ஒரு நிமிட வேலை.

இந்தத் துறையில் அதைத் தவிர்க்கவே கூடாது என்பதற்கு ஹென்ட்ரிக் ஷோன் விவகாரம் போதும். அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் இருந்த அவர், ஒற்றை மூலக்கூறு டிரான்சிஸ்டர் உட்படப் பல சாதனைகளைச் செய்ததாக எழுதினார். மிக வேறுபட்ட வெப்பநிலைகளில் செய்ததாகச் சொன்ன இரண்டு சோதனைகளின் வரைபடங்களில் இரைச்சல் அச்சு அசலாக ஒன்றாக இருந்ததை மற்ற ஆய்வாளர்கள் கவனித்தார்கள். இரைச்சல் என்பது தற்செயல். அது இரண்டு முறை ஒரே மாதிரி வராது. 2002-இல் விசாரணைக் குழு 24 புகார்களில் 16-இல் முறைகேட்டை உறுதிசெய்தது. சயின்ஸ், நேச்சர் இதழ்களில் வந்த அவருடைய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. பெரிய இதழில் வந்தது என்பதை மட்டும் நம்பிப் பகிராதீர்கள்.

படி 6: எழுதுங்கள், பகிருங்கள்

முதல் வாக்கியத்தில் அளந்தது என்ன என்பதைச் சொல்லுங்கள். அடுத்து எண்ணும் அலகும். அதன் பிறகு வரம்பு. மேலே சொன்ன 2011 கட்டுரையைப் பகிர்வதாக இருந்தால் இப்படி எழுதலாம்:

“130 டிஎன்ஏ இழைகளைக் கலந்து ஒரு சுற்று அமைத்திருக்கிறார்கள். 0 முதல் 15 வரையுள்ள எண்ணைக் கொடுத்தால், அதன் வர்க்கமூலத்தின் முழு எண் பகுதியை ஒளிர்வு அளவாகக் காட்டுகிறது. விடை வரப் பல மணி நேரம் ஆகிறது. இழைகள் வினையில் செலவாகிவிடுவதால் அடுத்த எண்ணுக்குப் புதிய கலவை வேண்டும்.”

‘எதிர்காலக் கணினி’ என்ற சொல் இதில் எங்கும் வரவில்லை, ஆனாலும் படிக்க ஆர்வமாகத்தான் இருக்கிறது.

இணைப்பாக டிஓஐ எண்ணைக் கொடுங்கள். வலைப்பக்க முகவரி மாறினாலும் அது வேலை செய்யும். ப்ரீபிரிண்ட் என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள், எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்பதையும் சேர்த்து. படங்களில் கவனம் தேவை. பெயர் குறிப்பிட்டால் மறுபடி பயன்படுத்த விடும் ‘சிசி பை’ உரிமம் உள்ள கட்டுரையின் படத்தை ஆசிரியர் பெயரும் உரிமமும் குறிப்பிட்டுப் போடலாம். மற்றவற்றுக்கு அனுமதி வேண்டும். கையால் ஒரு படம் வரைந்துவிடுவது எளிது, வரையும்போது நமக்குப் புரியாத இடமும் தெரிந்துவிடும்.

படிப்போடு நிற்க மனமில்லை என்றால் இரண்டு மென்பொருள்கள். நூபேக், இரண்டு டிஎன்ஏ இழைகள் எப்படிச் சேரும் என்று கணித்துச் சொல்லும். கேட்நானோவில் டிஎன்ஏ ஓரிகாமி வரையலாம். 2006-இல் பால் ரோத்மண்ட் 7,000 எழுத்துகளுக்கு மேல் நீண்ட ஒரு வைரஸ் இழையை, 200-க்கும் அதிகமான குட்டி இழைகளைக் கொண்டு மடித்து, ஏறக்குறைய 100 நானோமீட்டர் அகலத்தில் சிரிக்கும் முகம் செய்து காட்டிய அதே முறைதான். உங்கள் வடிவமைப்புக் கோப்புகளை ஜெனோடோ என்ற ஆய்வுக் கோப்புச் சேமிப்புத் தளத்தில் ஏற்றினால் அவற்றுக்கும் ஒரு டிஓஐ கிடைக்கும். ‘இது கணிப்பு மட்டுமே, சோதனை செய்யவில்லை’ என்ற ஒரு வரியை மேலேயே போட்டுவிடுங்கள்.

பகிர்ந்த பிறகு யாராவது திருத்தம் சொன்னால், பழைய வரியை அழிக்காமல் கீழே தேதி போட்டுத் திருத்தத்தைச் சேருங்கள். ஏற்கெனவே அதை எடுத்துப் பகிர்ந்தவர்களுக்கு எது மாறியது என்று அப்போதுதான் தெரியும்.