ஹோட்டன் சமவெளியின் முகிற்காட்டில் நடப்பதற்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளிச் சுற்றுப்பாதையை விடியற்காலையிலேயே தொடங்குங்கள். காலை பத்து மணியளவில் பள்ளத்திலிருந்து முகில் ஏறத் தொடங்கினால் ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறை விளிம்பில் வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்கள் ஏற்றவை. ஆயினும் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் அமைந்த அவ்விடத்தில் அக்காலத்தில் புல்லின்மேல் உறைபனி படிவதுமுண்டு என்பதால், கம்பளிச் சட்டையும் மழையங்கியும் கட்டாயம் வேண்டும்.

நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக வருவோர், தேயிலையும் மரக்கறித் தோட்டங்களும் முடிந்து காடு தொடங்கும் இடத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைகள் மொட்டையாக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விடுமாறு தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை கூறினார். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இச்சமவெளி நீர் ஊட்டுவதை நினைத்தால், அந்த ஆலோசனையின் பெறுமதி விளங்கும். ஆளுநர் வில்மட் ஹோட்டனின் பெயரைத் தாங்கிய இவ்விடம் 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

நுழைவாயிலில் பொதிகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றிவிடுவார்கள். ஆகவே உணவைக் கடதாசியில் சுற்றியோ டப்பாவில் போட்டோ எடுத்துச் செல்லுங்கள்.

சுற்றுப்பாதை 9 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். வேகமாக நடப்பவர் மூன்று மணித்தியாலத்தில் முடித்துவிடலாம், ஆனால் நான் அவ்வாறு நடக்கச் சொல்லமாட்டேன். புல்வெளியைக் கடந்து மரநிழலுக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறையுங்கள். குடை விரித்தாற்போல உச்சி பரந்து நிற்கும் கீன மரங்கள் ஓயாத காற்றினால் உயரம் குன்றி, கிளைகள் முறுகி, உடலெங்கும் பாசியும் தாடிப்பாசியும் ஓர்க்கிட்டும் சுமந்து நிற்கின்றன. மழை பெய்யாத நாளிலும் இம்மரங்களின் இலைகளும் பாசியும் முகிலின் ஈரத்தைப் பற்றித் துளித்துளியாகத் தரையில் சேர்க்கின்றன என்பதை, மரத்தடியில் சிறிது நேரம் நின்றாலே உணர்ந்துகொள்ளலாம். சில இடங்களில் நின்றபடியே பட்டுப்போன மரங்களையும் காண்பீர்கள். பல பத்தாண்டுகளாகத் தொடரும் இந்த அழிவு எனக்குப் பெரும் கவலை தருவது.

வேர்களின்மேல் கால்வைத்துக் குறுக்குவழி போகாதீர்கள். அங்குள்ள மண் எளிதில் கரைந்துவிடும். மரைகள் அருகில் வந்தாலும் தீனி கொடுக்கக் கூடாது.

முதலில் சிறிய உலக முடிவும், அதன்பின் 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் உலக முடிவும் வரும். விளிம்பில் ஈரப்பாறை வழுக்கும் என்பதால் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகளிலும் அதே கவனம் தேவை.

கால்களில் வலு மிச்சமிருந்தால், வாகனத்தை எதிர்பாராமல் ஒஹிய புகையிரத நிலையத்துக்கு இறங்கும் சுமார் 11 கிலோமீற்றர் வீதியில் நடந்தே செல்லலாம். புகையிரத நேரத்தை முன்கூட்டியே விசாரித்து, இருட்டுவதற்குள் சேரும்படி புறப்படுங்கள்.