வெஸ்ட் கென்னட் கல்லறையைக் கண்டுணர்வது எப்படி?

இங்கிலாந்தின் வில்ட்ஷர் பகுதியில், ஏவ்பரி கல்வட்டத்துக்குத் தெற்கே ஒரு குன்றின்மேல் நீண்டு கிடக்கும் வெஸ்ட் கென்னட் மண்மேடு, கி.மு. 3650 வாக்கில் புதிய கற்கால உழவர்கள் எழுப்பிய கல்லறையாகும். தமிழகத்தின் கல்திட்டைகளையும் கல்பதுக்கைகளையும் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நம்முடையவை பெரும்பாலும் இரும்புக் காலத்தவை; இதைக் கட்டியவர்களோ உலோகத்தையே அறியாதவர்கள்.

உள்ளே போவதற்கு முன் மேட்டை ஒரு முறை சுற்றி நடந்து விடுங்கள். மேட்டின் நீளம் ஏறக்குறைய 100 மீட்டர்; பிணவறைகளோ கிழக்கு முனையில் சுமார் 12 மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. எஞ்சியதெல்லாம் பாறைத் துண்டுகளும், இருபுற அகழிகளிலிருந்து தோண்டிக் குவித்த சீமைச்சுண்ணாம்பும்தான். வாசலை மறைத்து நிற்கும் பெரும் பாறைகள், கல்லறையை மூடும்போது கடைசியாக நிறுத்தப்பட்டவை.

கைவிளக்கு இல்லாமல் உள்ளே செல்லாதீர்கள். நடைவழியின் இருபுறமும் இரண்டிரண்டு அறைகளும், மேற்குக் கோடியில் ஓர் அறையும் உள்ளன. விளக்கைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். சொரசொரப்பான பாறைமுகத்தின் நடுவே ஒரு பகுதி மட்டும் வழவழப்பாக மின்னும். அது கற்கோடரிகளைத் தீட்டித் தீட்டித் தேய்ந்த இடம். அக்காலத்தவரின் கையுழைப்பை இவ்வளவு நெருக்கத்தில் காட்டும் தடம் இக்கல்லறையில் வேறில்லை என்பேன்.

மேற்கு அறையை 1859-இல் ஜான் தர்னம் தோண்டினார்; மற்ற நான்கையும் 1955–56-இல் ஸ்டூவர்ட் பிகட்டும் ரிச்சர்ட் அட்கின்சனும் அகழ்ந்தனர். குறைந்தது 36 பேரின் எலும்புகள் கிடைத்தன. ஆனால் அத்தனை உடல்களுக்கு இருக்க வேண்டிய மண்டையோடுகளும் நீண்ட எலும்புகளும் இல்லை. தசை அழிந்தபின் சில எலும்புகளை வேண்டுமென்றே வெளியே எடுத்துச் சென்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வடகிழக்கு அறையில் கிடந்த முதியவர் ஒருவரின் தொண்டைப் பகுதியில் இலை வடிவக் கல் அம்புமுனை ஒன்று இருந்தது.

இனி, அடுக்குகளைப் பிரித்தறிவதே முக்கியம். இக்கல்லறை ஆயிரம் ஆண்டுகள் இடையறாது பயன்பட்டது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2007-இல் வெளிவந்த கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு அதை மாற்றியது: தரைமட்டத்திலிருந்த முதல் அடக்கங்கள் 10 முதல் 30 ஆண்டுகளுக்குள், அதாவது ஒரே தலைமுறைக் காலத்தில், முடிந்துவிட்டன. அவற்றின்மேல் கூரைவரை நிரம்பியிருந்த சுண்ணாம்பு, மண், பானையோடு, விலங்கெலும்பு, மணிகள் ஆகியவை நீண்ட இடைவெளிக்குப் பின், பிற்காலத்தவர் பல நூற்றாண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கொண்டுவந்து கொட்டியவை. எனவே ஒரு பொருளைப் பார்க்கும்போது, அது எந்த அறையில் கிடைத்தது என்பதோடு, எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதையும் தவறாமல் கேளுங்கள்.

அகழ்ந்தெடுத்த பொருள்களைப் பார்க்க டிவைசிஸ் நகரிலுள்ள வில்ட்ஷர் அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டும். மட்பாண்டங்களைக் கால வரிசையில் பாருங்கள்: முதலில் அலங்காரமற்ற பழைய கலங்கள், அடுத்து, முறுக்குக் கயிற்றையும் பறவை எலும்பையும் ஈரக் களிமண்ணில் அழுத்தி ஒப்பனை செய்த பீட்டர்பரோ வகை, பின்னர் தட்டையான அடிப்பாகமும் கீறல் கோடுகளும் கொண்ட வகை, இறுதியாக மணி வடிவ பீக்கர் குவளைகள்.