வெயிலைக் கொண்டு சாயநீரின் நிறம் நீக்கும் முறை

மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அதில் 100 மில்லிலிட்டருடன் 0.1 கிராம் டைட்டானியம் டை ஆக்சைடு தூளைச் சேர்த்து, காந்தக் கலக்கியில் வைக்கவும். உடனே ஒளியில் வைக்கக் கூடாது. முதல் 30 நிமிடம் இருட்டிலேயே கலக்க வேண்டும். தூளின் மேற்பரப்பில் சாயம் வெறுமனே ஒட்டிக்கொள்வதாலும் நிறம் குறையும் என்பதால், அந்தக் குறைவை ஒளியின் வேலையாகக் கணக்கிட்டுவிடக் கூடாது.

பிறகு நண்பகல் வெயிலில் வைக்கலாம். வினையைத் தூண்டும் பொருளான (வினையூக்கி) டைட்டானியம் டை ஆக்சைடு ஏறத்தாழ 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளியை உறிஞ்சி, நீரிலிருந்தும் அதில் கரைந்த ஆக்சிஜனிலிருந்தும் சாய மூலக்கூறைச் சிதைக்கும் தனி உறுப்புகளை, அதாவது எளிதில் வினைபுரியும் துகள்களை, உண்டாக்குகிறது. வெயிலில் அத்தகைய ஒளி சிறு பங்கே என்பதால் பொறுமை வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை சிறிது எடுத்து, மையவிலக்கியில் சுழற்றி, பால்போல் கலங்கியிருக்கும் தூள் அடியில் படிந்தபின், தெளிந்த நீரின் ஒளி உறிஞ்சலை 664 நானோமீட்டரில் அளக்கவும். தூள் சேர்க்காத கரைசல் ஒன்றையும் அதே வெயிலில் வைக்க வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாத முடிவை நான் ஏற்பதில்லை.

நிறம் போனதாலேயே நீர் தூய்மையாகிவிடாது. நிறமற்ற சிதைபொருள்கள் எஞ்சியிருக்கலாம். ஆகவே நீரில் எஞ்சிய கரிமப் பொருள்களை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவான வேதி ஆக்சிஜன் தேவையையும் அளக்க வேண்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவுநீரில் மிகுந்திருக்கும் உப்பை இம்முறை அகற்றாது என்பதோடு, அதிலுள்ள குளோரைடு வினையின் வேகத்தையும் குறைத்துவிடும்.