எருவை நம்பி இழந்த ஒரு பருவம்: புதிதாக வருபவர்களுக்குத் தோட்டமும் அடுப்படியும்

போன வாரம், இங்கே வந்து நான்கு மாதமே ஆன ஒரு தம்பி எனக்குப் படம் ஒன்று அனுப்பினார். வீட்டுப் பின்புறம் பத்து மூட்டை குதிரைச் சாணம். "அண்ணா, இலவசமாகக் கிடைத்தது, நாளைக்குப் பாத்தியில் கொட்டிவிடுகிறேன்" என்று எழுதியிருந்தார். பதில் எழுதப் பொறுமை இல்லாமல் உடனே போன் செய்து நிறுத்தச் சொன்னேன். என் முதல் வருடத் தோட்டம் பாழானது இதே போன்ற மூட்டைகளால்தான். அவரிடம் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

வெளிநாட்டில் முதல் வருடச் செலவைக் குறைக்க இரண்டு வழிகள் கைவசம் இருக்கின்றன. வெளிச் சாப்பாட்டை நிறுத்தி எளிமையாக வீட்டில் சமைப்பது ஒன்று. கிடைக்கிற இடத்தில் காய்கறி வளர்ப்பது இன்னொன்று. இரண்டுமே நமக்குப் புதிதல்ல. எப்படிப் பாத்தி கட்டுவது, எப்படி நாற்று நடுவது என்றெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே மாறுபடுவதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் விதிமுறைகள், சுருக்கமாக. வாடகை வீடென்றால் மண்ணைத் தோண்டும் முன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பேச்சு வார்த்தை போதாது. காலி செய்யும்போது புல்தரை பாழாகிவிட்டது என்று முன்பணத்தில் கழிப்பார்கள். தொட்டியில் வளர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. பல ஊர்களில் பொதுத் தோட்டத்தில் சிறு துண்டு நிலம் ஆண்டு வாடகைக்குக் கிடைக்கும். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும் என்பதால் வந்த முதல் மாதமே பெயரைப் பதியுங்கள். ஊரிலிருந்து விதைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். பல நாடுகள் தாவர நலச் சான்றிதழ் இல்லாத விதையை அனுமதிப்பதில்லை. சில நாடுகளில் அறிவிக்காமல் கொண்டுவந்தால் அபராதமும் உண்டு. அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்த விதைப் பொட்டலத்தை விமான நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போடும்போது மனம் எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது குளிர். உங்கள் பகுதியில் வழக்கமாகக் கடைசி உறைபனி விழும் தேதியைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டியதுதான். மிளகாயை அதற்கு எட்டு வாரம் முன்பே வீட்டுக்குள் விதைக்க வேண்டும். மிளகாய் விதைக்கு 25 முதல் 30 டிகிரி சூடு இருந்தால் சீக்கிரம் முளைக்கும், ஜன்னல் ஓரக் குளிரில் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். பீன்ஸ் விதையை 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் மண்ணில் போட்டால் முளைக்காமல் அழுகும். வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை ஒரேயடியாக வெளியில் நடாதீர்கள். பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று ஒரு வாரம் பத்து நாள் பழக்கிய பிறகு நடுங்கள். வெயில் எந்தச் சுவரில் நாள் முழுவதும் விழுகிறது என்றும் பாருங்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே வெகுதூரம் வந்துவிட்டவர்களுக்குத் தெற்குப் பார்த்த சுவர், தெற்கே போனவர்களுக்கு வடக்குப் பார்த்த சுவர். தக்காளிக்கும் மிளகாய்க்கும் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும்.

இனி எரு.

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். கோடை உழவுக்கு முன்னால் வண்டி வண்டியாகச் சாண எரு நிலத்தில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன். கையில் அள்ளி முகர்ந்தால் மட்கியதா, மட்காததா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான், வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் ஒரு குதிரை லாயத்தில் "இலவசம், எடுத்துச் செல்லலாம்" என்று பலகை வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வேறு யோசனையே வரவில்லை. வேன் வாடகைக்கு எடுத்தேன். பதினாறு மூட்டை. கறுப்பாக, உதிரியாக, நாற்றமே இல்லாமல், மழை பெய்த மண் போல வாசனை. நான் பார்த்ததிலேயே நல்ல எரு என்று அப்பாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு சாண் ஆழத்துக்குக் கலந்தேன். பன்னிரண்டு தக்காளி, ஆறு மிளகாய், இரண்டு வரிசை பீன்ஸ், மூலையில் கொஞ்சம் மக்காச்சோளம். மூன்றாவது வாரம் தக்காளியின் நுனி இலைகள் விரியாமல் நின்றன. கிட்டே போய்ப் பார்த்தால், ஒவ்வொரு இலையும் குழந்தையின் மூடிய கை போல உள்நோக்கிச் சுருண்டிருந்தது. புதிதாக வந்தவை தக்காளி இலை போலவே இல்லை. பெரணிச் செடியின் குருத்து போல ஒல்லியாக, நரம்புகள் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துக் கட்டியது போல இருந்தன. தண்டு முறுக்கிக்கொண்டது. பீன்ஸ் இலைகள் கரண்டி போலக் குழிந்தன. பழைய இலைகள் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் பச்சையாக இருந்தன.

இலைச்சுருட்டு நோய் என்று நினைத்தேன். வேப்பெண்ணெய் தெளித்தேன். தண்ணீர் போதவில்லையோ என்று கூடுதலாக ஊற்றினேன். இன்னும் எரு வேண்டுமோ என்று மீதியிருந்த இரண்டு மூட்டையையும் செடியின் அடியில் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வேதனையாக இருக்கிறது.

பொதுத் தோட்டத்தில் பல வருடமாகப் பயிர் செய்யும் அக்கா ஒருவர் பார்க்க வந்தார். தக்காளியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் மக்காச்சோளம் மட்டும் இடுப்புயரம் செழித்து நின்றதைப் பார்த்துவிட்டு, "தம்பி, எரு எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "அந்தக் குதிரை தின்ற புல்லில் மருந்து அடித்திருக்கிறார்கள்" என்றார்.

விஷயம் இதுதான். மேய்ச்சல் நிலத்திலும் உலர்புல் வளர்க்கும் வயலிலும் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகளை அடிக்கிறார்கள். இவை செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போலவே செயல்பட்டு, வளர்ச்சியைத் தாறுமாறாக்கிச் செடியைச் சாகடிக்கும். புல் வகைகளை ஒன்றும் செய்யாது. மக்காச்சோளமும் புல் இனம் என்பதால்தான் பிழைத்தது. அந்தப் புல்லைக் குதிரையோ மாடோ தின்றால், மருந்து அதன் வயிற்றில் சிதையாமல் சாணத்திலும் மூத்திரத்திலும் அப்படியே வெளியே வருகிறது. குவியலில் கிடந்து மட்கினாலும் எளிதில் போவதில்லை. உலர்புல்லில் ஆண்டுக்கணக்கில் தங்கும். மிக மிகச் சிறிய அளவே போதும், தக்காளி, மிளகாய், கத்தரி, உருளை, பீன்ஸ், பட்டாணி எல்லாம் சுருண்டுவிடும். பிரிட்டனில் இதே காரணத்தால் ஏராளமான வீட்டுத் தோட்டங்கள் பாழாகி, 2008 இல் அமினோபைராலிட் கலந்த மருந்துகளின் விற்பனையையே சில காலம் நிறுத்திவைத்தார்கள்.

லாயத்துக்குப் போய்க் கேட்டேன். "நாங்கள் எதுவும் அடிப்பதில்லை" என்றார்கள், பொய் சொல்லவில்லை. புல்லை வெளியிலிருந்து வாங்குகிறார்கள். அந்தப் புல்லை விளைவித்தவர் என்ன அடித்தார் என்று அவர்களுக்குத் தெரியாது, கேட்டதுமில்லை. கோபம் எனக்கு அங்கேதான் வந்தது. ஊரில் சாணம் கொடுப்பவருக்கு அந்த மாடு எந்த வரப்பில் மேய்ந்தது என்று தெரியும். இங்கே புல் ஓரிடம், குதிரை ஓரிடம், தோட்டம் ஓரிடம். நடுவில் யாருக்கும் பொறுப்பில்லை.

ஆகவே எரு கொடுப்பவரிடம் "மருந்து அடித்தீர்களா?" என்று கேட்காதீர்கள். "புல் எங்கிருந்து வருகிறது? அந்த வயலில் இந்த வருடமும் போன வருடமும் களைக்கொல்லி அடித்தார்களா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் எடுக்காதீர்கள், அல்லது சோதித்துவிட்டு எடுங்கள். பையில் அடைத்து விற்கும் மட்கிலும் இந்த மருந்து வந்ததுண்டு. மருந்தடித்த புல்தரையில் வெட்டிய புல்லும் அப்படியே.

சோதனை எளிது, செலவில்லை. குவியலின் நான்கைந்து இடங்களிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கலக்குங்கள். அதை நம்பகமான மண் கலவையோடு சரிபாதியாகச் சேர்த்து மூன்று தொட்டிகளில் நிரப்புங்கள். இன்னும் மூன்று தொட்டிகளில் மண் கலவை மட்டும். எல்லாவற்றிலும் மூன்று மூன்று பீன்ஸ் விதை. ஒவ்வொரு தொட்டிக்கும் தனித் தட்டு வைக்க வேண்டும். ஒன்றில் வடிந்த தண்ணீரை இன்னொன்று உறிஞ்சினால் சோதனை வீணாகிவிடும். நான்கு வாரம் பொறுங்கள். முதலில் வரும் இரண்டு இலைகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதற்குப் பிறகு வரும் மூன்று மூன்றான இலைகள்தான் உண்மையைச் சொல்லும். எரு போட்ட தொட்டியில் அவை குழிந்தோ சுருண்டோ வந்தால் அந்த எரு வேண்டாம்.

ஏற்கெனவே கொட்டிவிட்டீர்களா? மேலாக இருந்தால் வாரி எடுத்துவிடுங்கள். கலந்துவிட்டிருந்தால் அந்த மண்ணை அவ்வப்போது கிளறிவிடுங்கள். காற்றும் ஈரமும் சூடும் உள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் மெல்ல அதைச் சிதைக்கும். அந்தப் பருவத்தில் மக்காச்சோளம் போடலாம். பாதிக்கப்பட்ட செடியை மட்குக் குழியில் போடாதீர்கள், மருந்து திரும்பவும் உங்கள் பாத்திக்கே வரும். மறு வருடம் நடுவதற்கு முன் அதே பீன்ஸ் சோதனை. எனக்கு இரண்டாம் வருடக் கடைசியில்தான் மண் தெளிந்தது. அதுவரை தொட்டியில்தான் வளர்த்தேன். இப்போது காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் போட்டு நானே மட்கு செய்துகொள்கிறேன்.

என்ன வளர்ப்பது? விலை குறைந்த, வீட்டில் பல நாள் தாங்கும் வெங்காயத்துக்கும் உருளைக்கும் உங்கள் சிறிய இடத்தைக் கொடுக்காதீர்கள். வாங்கி இரண்டு நாளில் வாடுவதும், சிறு கட்டுக்கு அதிக விலை கேட்பதும் எதுவோ அதை வளருங்கள். கீரை, கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், பீன்ஸ். கொத்தமல்லி சூட்டில் சீக்கிரம் பூத்துவிடும், கொஞ்சம் நிழலில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாக விதையுங்கள். புதினாவைத் தனித் தொட்டியில் வையுங்கள், பாத்தியில் விட்டால் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். மிளகாயைக் காம்போடு அப்படியே உறைபெட்டியில் போடலாம். முதல் உறைபனிக்கு முன்னால் தக்காளியைக் காயாகவே பறித்து, ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பையில் வைத்தால் வீட்டுக்குள்ளேயே பழுக்கும்.

சமையலில் பணம் மிச்சமாவது பருப்பிலும் பயறிலும்தான். டப்பாவில் வேகவைத்து விற்பதை விட்டுக் காய்ந்ததை வாங்குங்கள். ஒரு கப் காய்ந்த பயறு வெந்தால் இரண்டரை கப்புக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமை ஊறவைத்து வேகவைத்துப் பிரித்து உறையவைத்தால், வேலை முடிந்து வரும் இரவில் ஒரு பயறு, ஒரு கீரை, சோறு என்று அரை மணியில் சாப்பாடு ஆகிவிடும். அந்த அரை மணிக்குச் சோம்பல்பட்டுத்தான் நாம் வெளியில் வாங்குகிறோம். சிவப்புக் காராமணி அல்ல, பெரிய சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கவனம். அதில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். இங்கே பலர் வாங்கும் மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் பச்சையாகப் போடாதீர்கள், நச்சு அழியும் அளவுக்குச் சூடு ஏறாமல் போகலாம். குக்கர் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை.

முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள், நல்ல கீரை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அன்பாக ருபார்ப் (புளிப்பான தண்டுக்காக வளர்க்கும் செடி) கொடுத்தால் தண்டு மட்டும்தான் சமையலுக்கு. பெரிய கீரை மாதிரிதான் தெரியும், அந்த இலை நச்சு.

நான் போன் செய்த தம்பி பீன்ஸ் விதைத்து ஒன்பது நாள் ஆகிறது. ஆறு தொட்டியிலும் முளைத்துவிட்டதாக நேற்றுப் படம் அனுப்பியிருந்தார். முதல் இரண்டு இலைகள்தான் வந்திருக்கின்றன. மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்.